பல் வைத்தியப் படிப்புக்கு ஒரே விண்ணப்பம்

பல் வைத்தியக் கல்லூரியில் இடம் கேட்பதற்குக் கல்லூரி கல்லூரியாக அலைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பமும் ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்துக் கொண்டிருந்த காலம் போய், ஒரே இடத்தில் இணையவழியாக விண்ணப்பம் போடுகின்ற ஏற்பாடு நம் நாட்டில் படிப்படியாக வந்துவிட்டது. இதைப் பற்றி நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒரு சாரார், “கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி லஞ்சத்துக்கும் சிபாரிசுக்கும் இடமேது?” என்று அதற்குக் கற்பூரம் காட்டாத குறையாகப் புகழ்கின்றார்கள். மற்றொரு சாரார், “இதெல்லாம் பட்டணத்தார் சூழ்ச்சி, பழையபடி காகிதத்தில் எழுதி நேரில் கொடுப்பதே மேல்” என்கின்றார்கள். நம்மைக் கேட்டால் இரண்டும் யோசனையற்ற பேச்சென்றே சொல்லுவோம். ஒரே விண்ணப்பம் என்பது ஏழைக்கு நன்மையான கொள்கை. ஆனால் இன்று நடைமுறையில் இருப்பது ஒரே விண்ணப்பமே அல்ல. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் புகழ்கிறவனும் ஏமாறுகின்றான், திட்டுகிறவனும் ஏமாறுகின்றான்.

பல் வைத்தியத்துக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் நினைக்கலாம். நமது வட்டாரத்தின் நிலைமை தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சேலம், தர்மபுரிப் பக்கத்தில் பல கிராமங்களின் நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கின்றது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறிவிடுகின்றது. பள்ளிக்கூடத்திலே அந்தக் குழந்தைக்குப் “பல் விளக்காத பிள்ளை” என்று பட்டம். பெண்ணாயிருந்தால் கலியாணப் பேச்சிலே அது ஒரு குறை. குற்றம் தண்ணீரில், தண்டனை குழந்தைக்கு! இதைத் தவிர, வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கி அடக்கி வாய்ப்புற்றில் மாளுகின்றவர்கள் எத்தனை பேர்? “மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்” என்று பயந்து, சீழ் பிடித்த பல்லை வைத்துக் கொண்டு ராத்திரியெல்லாம் முனகுகின்ற தாய்மார்கள் எத்தனை பேர்? பல் வேருக்கும் கண் பார்வைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பல்லில் பூச்சி எடுக்கின்றேன் என்று சந்தைக்கு வருகின்றவன் எடுத்துக் காட்டுகின்ற புழு, அவன் கையிலிருந்து வந்த புழுவே தவிர உங்கள் பல்லிலிருந்து வந்ததல்ல. சர்க்கரையைத் தின்று வளருகின்ற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டாக்கும் அமிலந்தான் பல்லை அரித்துச் சொத்தையாக்குகின்றது.

இந்த மூடநம்பிக்கைகளை ஒழிப்பதற்கு ஆயிரம் பிரசங்கத்தைவிட, அந்தந்த ஊரிலே பிறந்து, அந்தந்த ஊர்ப் பேச்சிலே பேசுகின்ற ஒரு பல் வைத்தியர் அதிகம் பயன்படுவார். தாரமங்கலத்து நெசவாளியின் மகளும், பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூலியின் மகனும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டுக் குடியானவரின் பிள்ளையும் நாலு வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியும் முடித்து அந்த நாற்காலிப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் நமது ஆசை. அப்படியானால் அந்தக் கல்லூரிக்குள் போகின்ற வாசல் எப்படிப்பட்டது, அதில் யார் நிற்கின்றார்கள் என்று கேட்க வேண்டியது நமது கடமையாகின்றது.

வாசலின் பழைய சரித்திரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துவோம். 1950க்கு முன் சென்னை ராஜ்யத்தில், வகுப்புரிமை உத்தரவின்படி வைத்தியக் கல்லூரியின் ஒவ்வொரு 14 இடமும் இப்படிப் பங்கிடப்பட்டு வந்தது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் – கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து ஒரு அம்மையார் கோர்ட்டுக்குப் போனார். சென்னை ஹைகோர்ட்டு 1950லும், சுப்ரீம் கோர்ட்டு 1951 ஏப்ரல் 9ஆம் தேதியிலும் அந்த உத்தரவைச் செல்லாது என்றன. அதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மையார் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் வழக்குப் போட்டதாகவே சொல்லப்பட்டது. விண்ணப்பமே போடாதவருக்கு நாட்டின் பெரிய கோர்ட்டு வரையில் போய்ச் சேர வழி இருந்தது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த ஆயிரம் குடியானவர் பிள்ளைகளுக்கு அந்தக் கோர்ட்டு இருக்கும் திக்குக்கூடத் தெரியாது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே 1951இல் அரசியல் சட்டமே முதல் தடவையாகத் திருத்தப்பட்டது என்பது எல்லோரும் அறிந்த விஷயம்.

அதற்குப் பின்பு நேர்முகப் பேட்டி என்று ஒன்று இருந்தது. பேட்டி என்றால் பிள்ளையின் அறிவைப் பார்ப்பதென்று பேர். அப்பனின் பேரையும் அவன் கொண்டு வந்த கடிதத்தையும் பார்ப்பதென்று பொருள். 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. அது பட்டணத்துப் பயிற்சிக் கூடங்களைக் கொழுக்க வைத்தது. பிறகு அதை ஒழிக்கச் சட்டம் செய்து, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கொண்டே இடம் கொடுத்தார்கள். இவ்வளவும் அரசாங்கத்தின் கையிலிருந்த இடங்களின் கதை. தனியார் கல்லூரிகளின் நிர்வாக இடங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று பேர் வைத்துக் கொண்ட ஸ்தாபனங்களின் இடங்களும் வேறு உலகம். அங்கே கல்லூரிக்கொரு விண்ணப்பம், கல்லூரிக்கொரு கட்டணம், கல்லூரிக்கொரு பரீட்சை. நன்கொடை என்று பேர் சொல்லி ரசீது இல்லாமல் வாங்கிய பணத்துக்குக் கணக்கே கிடையாது. நன்கொடையாம்! கோயில் உண்டியலில் போடுகின்றவனுக்காவது மோட்சம் கிடைக்கும் என்ற நம்பிக்கை உண்டு; இங்கே போட்டவனுக்கு உடனே சீட்டு கிடைத்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு பெரிய அடி விழுந்தது ஒரு பல் வைத்தியக் கல்லூரியின் வழக்கில்தான். மத்தியப் பிரதேசத்து மாடர்ன் டென்டல் காலேஜ் தொடுத்த வழக்கில், தனியார் கல்லூரிகளுக்கும் பொதுவான தேர்வும் பொதுவான கலந்தாய்வும் வைக்கவும், கட்டணத்தைக் கட்டுப்படுத்தவும் ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று 2016 மே 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 2017 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் பொதுக் கலந்தாய்வுக்குள் வந்துவிட்டன. இதை நாம் மனமார வரவேற்கின்றோம். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவிலே தரகன் எதற்கு என்று கேட்கத் துணிந்த நாம், கல்லூரிக்கும் பிள்ளைக்கும் நடுவிலே தரகன் எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியுமா? பத்து வாசல் இருந்தால் பத்துக் காவல்காரன். பத்துக் காவல்காரனுக்கும் பத்துத் தட்சிணை. ஒரே வாசல், எல்லோருக்கும் ஒரே வரிசை, வரிசை எண்ணை எல்லோரும் பார்க்கலாம் என்றால், எளியவனுக்கு அதுவே பாதி நியாயம். ஆகவே பழைய காகிதக் காலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்பவர்களோடு நமக்கு ஒத்துப் போக முடியாது.

ஆனால் இன்றைய வாசல் ஒன்றுதானா? தயவு செய்து எண்ணிப் பாருங்கள். நமது பிரதேசத்தில் சேலத்தில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் வைத்தியக் கல்லூரி இருக்கின்றது. திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். பல் வைத்தியக் கல்லூரியும், அதை அடுத்த எளையாம்பாளையத்தில் பெண்களுக்கான விவேகானந்தா பல் வைத்தியக் கல்லூரியும் இருக்கின்றன. சேலத்தில் பஸ் ஏறினால் ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். இந்த மூன்றில் எதிலாவது சேர விரும்புகின்ற ஒரு பிள்ளை எத்தனை விண்ணப்பம் போட வேண்டும்? முதலில் நீட் பரீட்சைக்கு தேசியத் தேர்வு முகமைக்கு ஒன்று. சேலத்துக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் டில்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுவுக்கு ஒன்று. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கல்லூரிகளின் அரசாங்க ஒதுக்கீட்டு இடத்துக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக் குழுவுக்கு ஒன்று. அதே கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அதே தேர்வுக் குழுவுக்கே தனியாக இன்னொன்று. ஆக நான்கு! பேர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, மார்க்கு ஒன்று, ஜாதிச் சான்று ஒன்று. அதை நான்கு தடவை எழுத வேண்டும். இதற்குப் பேர் ஒரே விண்ணப்பமாம். மும்மூர்த்தியும் ஒருவரே என்று சொல்லிவிட்டு மூன்று உண்டியல் வைத்த கதைதான் இது. இங்கே உண்டியல் நான்கு!

உண்டியல் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. சென்ற சில ஆண்டுகளாக நீட் விண்ணப்பத்துக்குப் பொதுப் பிரிவார் 1700 ரூபாயும், இதர பிற்படுத்தப்பட்டோர் 1600 ரூபாயும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் 1000 ரூபாயும் கட்டி வந்திருக்கின்றார்கள். நிகர்நிலை இடத்துக்கு டில்லியில் பதிந்து கொள்ளத் திருப்பித் தராத கட்டணம் 5,000 ரூபாய்; அதற்கு மேல் வைப்புத் தொகை 2,00,000 ரூபாய். வைப்புத் தொகை திரும்ப வரும் என்பது வாஸ்தவம். ஆனால் திரும்ப வருமென்று தெரிந்தாலும், இரண்டு லட்சத்தை இன்று எடுத்து வைக்கக்கூடிய இளம்பிள்ளை நெசவாளி எத்தனை பேர்? செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கின்ற தொழிலாளி எத்தனை பேர்? இந்த இடங்களில் சேர்ந்த பிறகு கட்ட வேண்டிய பெருந்தொகையைப் பற்றி நாம் இப்போது பேசவில்லை. இடம் கேட்பதற்கே, வரிசையில் நிற்பதற்கே இவ்வளவு. தன் ஊர்க் கல்லூரியின் வாசலில் நின்று இடம் உண்டா என்று கேட்பதற்கு இரண்டு லட்சத்து ஐயாயிரம் ரூபாய் எண்ணி வைக்க வேண்டும் என்றால், அந்த வாசலில் “ஏழைகள் உள்ளே வரக்கூடாது” என்று பலகை மாட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை.

இதெல்லாம் ஒன்றாக்க முடியாத காரியமா? அமெரிக்காவில் ஒரே விண்ணப்பத்தை எழுதிப் பல பல் வைத்தியக் கல்லூரிகளுக்கு அனுப்புகின்ற ஏற்பாடு வெகு காலமாக இருக்கின்றது. இங்கிலாந்தில் பட்டம் பெற்ற வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் மேற்பயிற்சிக்கு ‘ஓரியல்’ என்ற ஒரே இணைய வாசலில் விண்ணப்பிக்கின்றார்கள். நமது நாட்டிலேயே ஒருவனுடைய ரேஷன் கார்டும் பாங்குக் கணக்கும் வரிக் கணக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுவிட்டன. ஏழையைப் பிடிப்பதற்கு எல்லா இலாகாவும் ஒன்றாகச் சேர முடிகின்றது; ஏழையின் பிள்ளைக்கு இடம் கொடுப்பதற்கு மாத்திரம் டில்லிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் வழி தெரிவதில்லை!

இனி, “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்கின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுதான், உண்மையும் சொல்லாது. அதற்கு என்ன எழுதிக் கொடுத்தார்களோ அதைச் செய்யும். எழுதிக் கொடுத்தவன் மனிதன். இந்தச் சின்ன விஷயம் மறந்து போவதால்தான் நம் ஜனங்களுக்குள் ஒரு புதிய தலைவிதி தோன்றியிருக்கின்றது. அதன் பேர் ‘சிஸ்டம்’. மகனின் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று அப்பன் போய்க் கேட்கின்றான். “ஏனுங்க, எங்க பையன் பேரு ஏனுங்க வரலே?” “சிஸ்டம் எடுக்கலீங்க.” அவ்வளவுதான். அப்பனும் “சரிங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகின்றான். பழைய காலத்தில் “உன் தலையெழுத்து” என்றார்கள்; அந்த எழுத்தை எழுதினவனைக் கண்டவன் யாரும் இல்லை. இப்போது “சிஸ்டம்” என்கின்றார்கள். இதை எழுதினவன் சம்பளம் வாங்கிக் கொண்டு ஒரு ஆபீசில் உட்கார்ந்திருக்கின்றான். பிரமனைக் கேள்வி கேட்ட நமக்கு அந்த ஆபீசைக் கேள்வி கேட்க என்ன பயம்?

2018ஆம் வருஷத்தை மறந்துவிட்டோமா? அந்த வருஷம் நீட் எழுதத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேரளத்தில் தேர்வு மையம் விழுந்தது. சிலருக்கு ராஜஸ்தானத்தில் விழுந்தது. கம்ப்யூட்டர் ஒதுக்கிவிட்டது, இனி மாற்ற நேரமில்லை என்பதே கிடைத்த சமாதானம். மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போன ஒரு தகப்பனார் அந்த ஊரிலேயே மாரடைப்பால் மாண்டார். அதே பரீட்சையில் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததென்று வழக்கு நடந்தது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தமிழில் எழுதியவர்களுக்கு 196 மார்க்கு கொடுக்கச் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்து, பின்பு ரத்தும் செய்தது. நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவகாரம். தமிழ்நாட்டுச் சட்டசபை 2021இலும் 2022இலும் வேண்டாமென்று மசோதா நிறைவேற்றியதையும், ராஷ்டிரபதியின் ஒப்புதல் மறுக்கப்பட்டதென்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றே: வாசல் ஒன்றாக இருந்தால் அதன் பிழையும் ஒரே சமயத்தில் எல்லோர் தலையிலும் விழும். ஆகவே ஒரே வாசல் என்று சொல்லுகின்றவர்கள் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு ஜாக்கிரதையாக இருக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஒரே வாசல் என்பதாலேயே யோக்கியம் வந்துவிடாது என்பதற்கும் அத்தாட்சி வேண்டுமானால், மத்தியப் பிரதேசத்து ‘வியாபம்’ ஊழலைப் பாருங்கள். அந்த ராஜ்யத்தில் வைத்தியப் படிப்புக்கு அரசாங்கத்தின் பரீட்சையை நடத்தியது ஒரே வாரியந்தான். அந்த ஒரே வாரியத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள். 2013இல் விஷயம் வெடித்து, 2015இல் சி.பி.ஐ. விசாரணைக்குப் போயிற்று. நம் ராஜ்யத்திலும் 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில், பரீட்சை எழுதியவன் ஒருவன், படிக்க வந்தவன் ஒருவன் என்று ஆள்மாறாட்டம் வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது இயந்திரமல்ல. போட்டோவையும் ஆளையும் ஒத்துப் பார்த்த மனிதக் கண்தான். அறிவை இயந்திரத்துக்கு அடகு வைத்துவிட்டு மனிதன் தூங்கலாம் என்பது பகுத்தறிவாகாது. அது பக்தியின் புது வேஷம்.

அடுத்தபடியாக, தரகன் ஒழிந்தானா என்று பார்ப்போம். பழைய தரகன் போனான். புதிய தரகன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ‘பிரவுசிங் சென்டர்’ என்று பலகை போட்டு உட்கார்ந்திருக்கின்றான். எல்லோரையும் நாம் குறை சொல்லவில்லை. யோக்கியமாய்க் கூலி வாங்கி யோக்கியமாய் வேலை செய்கின்றவர்கள் அநேகர் உண்டு. ஆனால் நடப்பது என்ன? ஒரே நாளில் நூறு விண்ணப்பம் போடுகின்ற அவசரத்தில், பிள்ளையின் செல்போன் எண்ணுக்குப் பதில் கடைக்காரர் தம் எண்ணைப் போட்டுவிடுகின்றார். இரகசியக் குறியீடு அவர் நோட்டுப் புத்தகத்தில். கலந்தாய்வுத் தகவல் வருவது அவர் போனுக்கு. கடைசித் தேதிக்கு மறுநாள் அப்பன் வந்து கேட்டால், “நேத்தே வந்துதுங்களே” என்று பதில். சமஸ்கிருதம் தெரியாதவனுக்காகப் புரோகிதன் மந்திரம் சொன்னான்; என்ன சொன்னான் என்று கேட்டவனுக்கு அர்த்தம் தெரியாது. இங்கிலீஷ்ப் பாரம் தெரியாதவனுக்காக இவர் கட்டம் நிரப்புகின்றார். என்ன நிரப்பினார் என்று கேட்கின்றவனுக்கும் அர்த்தம் தெரியாது.

கட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். நமது இரு ஜில்லாக்களிலும் அருந்ததியத் தோழர்கள் ஏராளம். தாழ்த்தப்பட்டோருக்கான 18 சதவீதத்துக்குள்ளே அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009ஆம் வருஷச் சட்டத்தால் கிடைத்தது. 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்றும் தீர்ப்பளித்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த உரிமை, விண்ணப்பத்தில் ‘எஸ்.சி.ஏ.’ என்ற கட்டத்துக்குப் பதில் ‘எஸ்.சி.’ என்ற கட்டத்தை ஒருவன் அவசரத்தில் தொட்டுவிட்டால் சிக்கலில் மாட்டிக் கொள்ளும். ஒரு எழுத்து! கொல்லிமலை மலையாளி வகுப்புப் பிள்ளைகளுடைய கஷ்டம் இன்னொரு விதம். பழங்குடிச் சான்று மற்றச் சான்றுகளைப்போலத் தாசில்தார் ஆபீசோடு முடிவதில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர். மலையிலிருந்து இறங்கி, விசாரணைக்குக் காத்திருந்து, சான்று கைக்கு வருவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விட்டால், 1 சதவீதப் பழங்குடி ஒதுக்கீடு காகிதத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

விதியை முன்கூட்டித் தெளிவாய்ச் சொல்லாததால் வருகின்ற தீங்கையும் நாம் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் என்ற சட்டம் 2020இல் வந்தது. அருமையான சட்டம். முதல் வருஷத்திலேயே நானூறுக்கும் குறையாத எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்கள் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்தன. ஆனால் 2020 நவம்பரில் கலந்தாய்வு தொடங்கியபோது, தனியார் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது என்பது தெளிவாகவில்லை. கையில் வந்த இடத்தை, கட்ட வழியில்லை என்று கண்ணீரோடு விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு. அதன் பிறகே அரசாங்கமே கட்டணத்தை ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்திருந்தால்? நல்ல சட்டமானாலும் அது நேரத்தில் காதுக்கு எட்டாவிட்டால், இல்லாத சட்டத்துக்கு ஒப்பானதே.

இனி நம் ஜனங்களுக்கும் சில வார்த்தை சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் அனுப்புவதற்கு நல்ல நேரம் பார்க்கின்ற பெற்றோர்களை என்னவென்று சொல்வது? திறந்து வைத்த இரண்டு வாரத்தையும் அஷ்டமி, நவமி, ராகுகாலம், எமகண்டம் என்று கழித்துவிட்டு, கடைசி நாளில் எல்லோரும் ஒரே சுபமுகூர்த்தத்தில் பித்தானை அமுக்கினால் சர்வர் படுத்துக் கொள்ளாமல் என்ன செய்யும்? அந்த யந்திரத்துக்கு ராகுகாலமும் தெரியாது, குளிகையும் தெரியாது. கடைசித் தேதி ஒன்றுதான் தெரியும். பிறகு “எங்கள் பையன் ஜாதகத்தில் வைத்திய யோகம் இல்லை” என்று சொல்லிக் கொள்வார்கள். ஜாதகத்திலே யோகம் இருந்தது; அப்பனுக்குப் புத்தியிலேதான் யோகம் இல்லை!

விருப்பப் பட்டியல் எழுதுவதிலும் இப்படித்தான். இதன் ரகசியம் வெகு சுலபம். தர வரிசையில் முதலில் நிற்கின்ற பிள்ளையின் பட்டியலை யந்திரம் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலாவதாக எழுதின கல்லூரியில் இடம் இருந்தால் கொடுத்துவிடும்; இல்லாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும். பிறகு அடுத்த பிள்ளை. அவ்வளவே. ஆகவே நமக்குக் கிடைக்காதோ என்று பயந்து, விரும்புகின்ற கல்லூரியைக் கீழே தள்ளுவதால் ஒரு லாபமும் இல்லை. மேலே எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. உண்மையாக விரும்புகின்ற வரிசையையே எழுதுங்கள். விரும்பாத கல்லூரியை எழுதாதீர்கள். “இந்த வரிசையில் எழுதினால்தான் கிடைக்கும், எனக்கு மாத்திரந்தான் சூட்சுமம் தெரியும்” என்று பணம் கேட்கின்றவன், பல்லில் பூச்சி எடுக்கின்றவனுக்கு அண்ணன்.

ஆகவே நாம் கேட்பது என்ன? முதலாவது, பேருக்கல்லாமல் மெய்யாகவே ஒரே விண்ணப்பம் வேண்டும். ஒரு பிள்ளை ஒரு தடவை எழுதிக் கொடுத்தால், டில்லி இடமானாலும் சென்னை இடமானாலும், அரசாங்க ஒதுக்கீடானாலும் நிர்வாக ஒதுக்கீடானாலும், வேண்டியதற்கு ஒரு அடையாளம் போட்டால் போதும் என்று இருக்க வேண்டும். இரண்டாவது, அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணமும் வைப்புத் தொகையும் கூடாது. இடம் கிடைத்த பிறகு கேட்க வேண்டியதை இடம் கேட்கும்போதே கேட்பது நியாயமல்ல. மூன்றாவது, விண்ணப்பமும் விதிப் புத்தகமும் பிழை திருத்தும் அறிவிப்பும் அத்தனையும் நல்ல தமிழில் இருக்க வேண்டும். நான்காவது, நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். காரணம் சொன்னவருடைய பதவியும் அதில் இருக்க வேண்டும். திருத்திக் கொள்ளத் தவணை கொடுக்க வேண்டும். ஐந்தாவது, ஒவ்வொரு அரசாங்க மேல்நிலைப் பள்ளியிலும் விண்ணப்ப நாட்களில் ஒரு உபாத்தியாயரும் ஒரு கம்ப்யூட்டரும் இதற்கென்றே இருக்க வேண்டும். சான்றுகளைப் பதினொன்றாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். ஆறாவது, சேலம், நாமக்கல் பக்கத்தில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி ஒன்று வேண்டும். 1953இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, சிதம்பரத்துக் கல்லூரி, 2023இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி என்று இருப்பவையெல்லாம் நமக்குத் தூரத்தில். வாசலை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும், உள்ளே எளியவன் உட்கார நாற்காலி இல்லாவிட்டால் வாசலால் என்ன பயன்?

அரசாங்கம் செய்கின்றவரையில் நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நமது சங்கங்களும் படிப்பகங்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கல்லூரியில் படிக்கின்ற இளைஞர்கள் விடுமுறைக்கு வருகின்றார்கள். விண்ணப்ப நாட்களில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவர்கள் படிப்பகத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் சொந்தச் செல்போன் எண்ணையே போட்டு, இரகசியக் குறியீட்டைப் பிள்ளையின் கையாலேயே எழுத வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அர்த்தம் சொல்லிக் கொடுத்து, பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினால், அது ஒரு மாநாட்டுக்குச் சமமான வேலை. நிரப்பிக் கொடுக்காதீர்கள், நிரப்பக் கற்றுக் கொடுங்கள். நிரப்பிக் கொடுத்தால் நாளைக்கு நீங்களே புரோகிதராகிவிடுவீர்கள்.

கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக் குழுவின் ஆபீஸ் இருக்கின்ற சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்று பேர். சாலைக்குப் பேர் வைப்பது சுலபம். அந்தச் சாலையிலே நமது ஊர்க் கூலிக்காரனுடைய பிள்ளை, யார் சிபாரிசும் யார் தயவும் இல்லாமல், தன் மார்க்கையும் தன் உரிமையையும் மாத்திரம் நம்பி நடந்து போய்ச் சேரும்படி செய்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையையே செய்ய வேண்டுமென்று அரசாங்கத்தையும், அதைச் செய்ய வைக்க வேண்டுமென்று நமது தோழர்களையும் கேட்டுக் கொள்ளுகின்றோம்.